ஆள் ஏறாத பை

என் மாமனாருக்கு மத்தூரில் மாந்தோப்பு. தோப்பைவிடப் பெரியது அவருடைய பிடிவாதம். ஓசூர் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த தென்காசிப் பையனைக் கட்டிக்கொண்டு இளைய மகள் டெல்லிக்குப் போனதிலிருந்து, அவளோடு அவர் பேசவில்லை. அவள் மாசமாக இருப்பது தெரிந்ததும், "அங்கெல்லாம் ராகி மாவு கெடைக்குமா?" என்று என் மனைவியிடம் கேட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சமாதானம்.

"அப்பாவ ஒருவாட்டி வரச் சொல்லுங்க மாமா, எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் என்னிடம் போனில் அழுதாள். டிக்கெட் போட்டேன். மனிதர் முரண்டு பிடிக்காமல் கிளம்பினார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பெங்களூர் விமான நிலைய வாசலில் அவரை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். விமானம் கிளம்பும் நேரத்தில் வெறும் கையை வீசிக்கொண்டு வெளியே வருகிறார்! மாத்திரையைக் காரில் விட்டுவிட்டதாக வாசல் காவலரிடம் கன்னடத்தில் ஒரு புளுகு.

"பைய ஏத்திட்டேன் மாப்ள. வந்ததும் எறக்கிக்கச் சொல்லிப் பாப்பாவுக்குப் போன் போட்ருங்க."

எங்கள் பக்கம் இது சகஜம். மத்தூரில் பஸ் டிரைவரிடம் மூட்டையைக் கொடுத்து, எந்த வண்டி என்று போனில் சொல்லிவிட்டால், ஓசூரில் வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். விமானத்தையும் அவர் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

நான் சிரித்து முடிப்பதற்குள் விமானக் கம்பெனியிலிருந்து போன் அடித்தது. டிக்கெட்டில் இருந்தது என் எண். விமானத்தை நிறுத்தி வைத்துப் பையை இறக்கிக்கொண்டிருக்கிறோம், ஆள் எங்கே என்றார்கள்.

ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். மோப்ப நாய் பையிலிருந்த ஊறுகாய் ஜாடியை முகர்ந்து தும்மியது. பையில் என்ன என்று அதிகாரி கேட்டதற்கு, மாமனார் கன்னடத்தில் மாங்காய் நறுக்குவதிலிருந்து ஆரம்பித்தார். நானும் சும்மா இராமல், "நல்லெண்ணெய்தான் சார்" என்றேன். அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"முன்னாடி ஒரு விமானம் நடுவானத்துல வெடிச்சுது. விசாரிச்சா, பை ஏறியிருக்கு, பைக்குச் சொந்தக்காரன் ஏறல. உள்ள இருந்த ஒருத்தர்கூட மிஞ்சல" என்றார் அவர் கன்னடத்தில். "இப்ப சொல்லுங்க. பைய ஏத்திட்டு நீங்க ஏன் ஏறல?"

விமானம் என்றால் பயம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை கன்னடத்தில் வெளுத்து வாங்கியவர், இதைத் தமிழில் சொன்னார்.

"பொண்ணு மூஞ்சில முழிக்க முடியல சார். அவ கல்யாணத்துக்கு நான் போவல."

கன்னடத்தில் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று அதிகாரி கையைக் காட்டினார். அவருக்குப் புரிந்திருந்தது.

ஆனாலும் சரிபார்க்க வேண்டுமே. மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நடந்ததையெல்லாம் நான் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டாள்.

"அப்பா, நான் உங்களத்தான கூப்ட்டேன்? ஊறுகாயவா கூப்ட்டேன்?"

எழுதி வாங்கிக்கொண்டு, நன்றாகத் திட்டித்தான் அனுப்பினார்கள். சாயங்கால விமானத்தில் மாமனார் ஏறினார். திருப்பிக் கொடுத்த பை என் காரிலேயே கிடந்தது. அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை, அவளும் கேட்கவில்லை.