சிக்னல்ஸ் வகுப்பில் ஞானப்பிரகாசம் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. ஞானப்பிரகாசம் அண்ணனின் மகள் ஜசிந்தா எழுதியிருந்தாள்: "டாக்டர், அப்பா காலையில ஆறு மணிக்குத் தவறிட்டாங்க. அம்மா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

அதைப் படித்து முடிப்பதற்குள் மாணவி ஒருத்தி கை உயர்த்தினாள். அவளுடைய கருவியின் திரையில் அலை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் குமிழைத் திருப்பிச் சரிசெய்து கொடுத்தேன். பிறகு ஒன்றரை மணி நேரம் வகுப்பு நடத்தினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

திரு. ஞானப்பிரகாசம் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பது வயதில் மறைந்த அவர் என் மாணவர். ஜொகூர் பாருவுக்கு அருகிலுள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில், மின், கணினிப் பொறியியல் துறையில் நான் விரிவுரையாளராக இருக்கிறேன். என்னைவிட அவர் பதினான்கு வயது மூத்தவர். வகுப்பில் அவரைத் திரு. ஞானப்பிரகாசம் என்பேன், வெளியில் அண்ணே என்பேன். முனைவர் பட்டம் பெற்றதால் அவருக்கு நான் எப்போதும் டாக்டர்தான்.

லாயாங் லாயாங் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அவர் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் இருபத்து மூன்று ஆண்டுகள் சார்ஜ்மேனாக, அதாவது ஆலையின் மின்சாரம் முழுவதற்கும் பொறுப்பானவராக வேலை செய்தார். மாலை வகுப்புகளுக்குப் போய் டிப்ளோமா முடித்தார். பிறகு, நாற்பத்தேழு வயதில், வேலையை விட்டுவிட்டு எங்கள் பல்கலைக்கழகத்தில் முழுநேர மாணவராகச் சேர்ந்தார். மனைவி மேரி அக்கா பாலர் பள்ளி ஆசிரியை. மகள் ஜசிந்தா சிங்கப்பூரில் வேலை செய்கிறாள்.

முதல் நாள் அவர் தேய்த்த முழுக்கைச் சட்டையோடு, கையில் கோப்போடு விரிவுரை மண்டபத்துக்குள் நுழைந்தபோது மாணவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவர் கையை அசைத்து, "உட்காருங்க, உட்காருங்க. நானும் உங்க செட்டுதான் லா," என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அன்றிலிருந்து பல இனப் பிள்ளைகளும் நிறைந்த அந்த வகுப்புக்கே அவர் 'அண்ணே' ஆகிவிட்டார். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் அந்தச் சொல்லை அவரவர் நாக்குக்கு ஏற்றபடி சொன்னார்கள்.

இந்த வயதில் ஏன் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஆலையில் ஒரு பெரிய மின்பலகையில் மின்சாரம் அடிக்கடி தடைபட்டதாம். காரணம் அவருக்குத் தெரியும். ஆனால் தலைமையகத்திலிருந்து வந்த பொறியாளர்கள் கூட்டம் போட்டுக் கேட்டபோது அவரால் விளக்க முடியவில்லை. அவர்கள் வேறு எதையோ மாற்றிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் அந்தப் பலகை தீப்பிடித்து, அவரோடு வேலை செய்த ஒருவரின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

"என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும் டாக்டர். ஏன் நடக்குதுன்னு அவங்க பாஷையில சொல்ல வரல. அதைக் கத்துக்கத்தான் வந்தேன்," என்றார்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஒருநாள் மோட்டார் ஒன்று சுழலாமல் வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. மாணவர்கள் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் அறையின் மறுகோடியிலிருந்தே, "மூணு பேஸ் கரண்டுல ரெண்டுதான் வருது. ஆஃப் பண்ணுங்க, எரிஞ்சிடும்," என்றார். அளந்து பார்த்தபோது அப்படியேதான் இருந்தது.

என் பாடம்தான் அவரை வீழ்த்தியது. சிக்னல்ஸ் என்று மாணவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்தப் பாடத்தில் மோட்டாரும் இல்லை, கம்பியும் இல்லை. ஓர் அலையைச் சிறுசிறு அலைகளாகப் பிரித்து எழுதும் கணக்குதான் முழுக்க. பள்ளியிலிருந்து நேராக வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகளே திணறும் கணக்கு அது. அவர் பள்ளியில் கணக்குப் போட்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. புதன்கிழமைதோறும் என் அறைக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போடுவார். ஒரு பக்கம் சரியாக வரும். அடுத்த பக்கத்தில் ஒரு குறி மாறிவிடும். அதோடு எல்லாம் போய்விடும்.

முதல் முறை தவறினார். இரண்டாம் முறையும் தவறினார். மூன்றாம் முறையும் தவறினால் படிப்பையே விடவேண்டும் என்பது விதி.

மூன்றாம் முறை அவர் வந்தபோது மாடிப்படியின் பாதியில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் உண்மையைச் சொன்னார். இதயத் தசை தளர்ந்துகொண்டே போகிறது, மாத்திரை மட்டும்தான் வழி என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம்.

"தேர்வைத் தள்ளிப்போடலாம் அண்ணே. மருத்துவச் சான்று இருந்தா விடுவாங்க."

"அடுத்த செமஸ்டர் வரைக்கும் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியல டாக்டர். இப்பவே எழுதிடறேன்."

எழுதினார். அந்தத் தாளை நான்தான் திருத்தினேன். தேர்ச்சிக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு விடையாக மறுபடி படித்தேன். அரை மதிப்பெண் தரக்கூடிய வரி எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். ஓர் இடத்தில் ஒன்று தந்திருக்கலாம் என்று தோன்றியது. மற்ற பிள்ளைகள் யாருக்கும் அந்த இடத்தில் தரவில்லையே என்று மறுபடி பார்த்து, தராமல் விட்டேன். நான்காம் முறை பார்த்தபோது மதிய வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. பேனாவை மூடிவிட்டேன். அந்தப் பேனாவால் மூன்று மதிப்பெண் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். போட்டிருக்க வேண்டும் என்றும் சொல்ல முடியவில்லை. போடாதது சரி என்றும் சொல்ல முடியவில்லை.

தாளைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இங்க நான்தான் தப்பு. இங்கயும்தான்." கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "வேற எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கா டாக்டர், அந்த மூணு?"

"இல்லண்ணே. தேடிப் பார்த்துட்டேன்."

"நீங்க தேடியிருப்பீங்க. தெரியும்," என்று தாளை ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அவருக்காக மேல்முறையீட்டுக் கடிதம் எழுதினேன். நோயைக் காட்டி இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கிய பிறகு, கடைசியாக ஒரே ஒரு முறை என்று அனுமதி வந்தது. இந்தச் செமஸ்டரில் அவர் நான்காம் முறையாக என் வகுப்பில் பதிந்துகொண்டார். இரண்டு வாரம் வந்தார். பிறகு மருத்துவச் சான்றுகள்தான் வந்தன. ஒவ்வொன்றையும் விடுப்பு என்று குறித்துவந்தேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, கெலாங் பாத்தாவில் உள்ள என் வீட்டிலிருந்து லாயாங் லாயாங்குக்குப் போனேன். அண்ணன் முன்கூடத்துக் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும், "மேரி, டாக்டர் வந்துட்டாங்க," என்றார்.

மேரி அக்கா எனக்குத் தேநீர் வைத்தார்கள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து, கணவருக்குக் கேட்காதபடி, "டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்களேன். ஆஸ்பத்திரியில மலாய்ல வேகமா சொல்றாங்க, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது, ஒண்ணும் காதுல விழல," என்றார்கள்.

நான் எந்த டாக்டர் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கேட்டார்கள். உறைக்குள் அவருடைய இதயத்துடிப்பைப் பதிந்த காகிதம் இருந்தது. கட்டம் போட்ட இளஞ்சிவப்புக் காகிதத்தில் மேலும் கீழுமாக ஓடும் கோடு. அது என் பாடம். அந்தக் கோட்டை எத்தனை சிறிய அலைகளாகப் பிரிக்கலாம், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, எங்கே சீர் தவறுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். இந்த மனிதர் இன்னும் எத்தனை நாள் இருப்பார், இன்று அவருக்கு என்ன செய்யலாம் என்பது மட்டும் தெரியாது.

"எனக்கு இது தெரியாதுக்கா," என்றேன்.

"சரி, பரவால்ல," என்று உறையை வாங்கி மறுபடி அலமாரியில் வைத்தார்கள்.

அண்ணன் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார். வகுப்பில் எதுவரை போயிருக்கிறோம் என்று விசாரித்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கை ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிக்கும், "ம்... சரி," என்றார். ஐந்தாவது வரியில் சத்தம் வரவில்லை. தூங்கியிருந்தார். மேரி அக்கா கையைக் காட்டி, எழுப்ப வேண்டாம் என்றார்கள். நான் அந்தக் கணக்கை முடித்துவைத்துவிட்டு வந்தேன். அதுதான் அவருக்கு நான் நடத்திய கடைசி வகுப்பு.

வியாழக்கிழமை அடக்கம். சிறிய மாதா கோயில், ஆட்கள் வாசல் வரை நின்றார்கள். ஆலையிலிருந்து சீருடையோடு வந்த தொழிலாளர்கள் ஒரு பக்கம், கருப்புச் சட்டை போட்ட என் மாணவர்கள் ஒரு பக்கம். இரண்டு கைகளிலும் பழைய தீப்புண் தழும்புள்ள ஒருவர் பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் சொல்லியும் கல்லறை வரை விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். எங்கள் பல்கலைக்கழகம் பெரியது. மாணவர்கள் கையெழுத்திடும் தாளைப் பார்த்து வருகைப்பதிவைக் கணினியில் ஏற்றவேண்டும். வெறுமையாக விட்டால் கணினி அதை வராதது என்று எடுத்துக்கொள்ளும். அவர் உயிரோடு இருந்தவரை மருத்துவச் சான்று வந்தது. இறந்த பிறகு எந்தச் சான்றும் வரவில்லை. பெயரை எடுக்கச் சொல்லி அலுவலகத்துக்குப் போனேன். இறப்புப் பத்திரம் இல்லாமல் எடுக்க முடியாது என்றார்கள். மூன்று வகுப்புக்கு வராதவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம், எங்கள் பேச்சில் சூராட், தானாகவே போய்விடும், அதை நிறுத்தி வைக்கவும் வழியில்லை என்றார்கள். அந்த ஊழியப் பெண்ணின் முகமும் வாடித்தான் இருந்தது.

மேரி அக்காவுக்குத் தொலைபேசி செய்தேன்.

"அக்கா, யூனிவர்சிட்டியிலேர்ந்து ஒரு சூராட் வரும். திறக்காம வச்சிடுங்க."

"நேத்தே வந்துருச்சு டாக்டர். படிச்சிட்டேன். அவங்கள கிளாசுக்கு வரச் சொல்லி எழுதியிருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். அவருடைய இறப்புப் பத்திரத்தை அனுப்பினால் பெயரை எடுத்துவிடுவார்கள், இனிமேல் கடிதம் வராது என்றேன்.

அக்கா, "பேரு இன்னும் இருக்கா டாக்டர், அந்தக் கிளாஸ்ல?" என்று கேட்டார்கள்.

"இருக்குக்கா."

"அப்ப இருக்கட்டும். செமஸ்டர் முடியட்டும், அப்புறம் அனுப்புறேன். சூராட் வந்தா வரட்டும். நான் வாங்கி வச்சுக்கறேன்."

இந்த வியாழக்கிழமையும் கையெழுத்துத் தாள் வகுப்பில் சுற்றி என் மேசைக்கு வந்தது. அவர் பெயருக்கு மேலும் கீழும் கையெழுத்துகள். நேரே உள்ள கட்டத்தில் யாரும் கோடுகூடப் போடவில்லை. நானும் போடவில்லை.

அண்ணே, செமஸ்டர் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதுவரை என்னால் முடிந்தது இவ்வளவுதான். நிம்மதியாகப் போய் வாருங்கள்.