எல்லைக்கல் கிடைத்த இடம்

நான் நில அளவராக வேலை பார்த்த காலத்தில், தங்கையின் கணவர் ஒரு பத்திர நகலோடு வீட்டுக்கு வந்தார். குளத்தை ஒட்டி ஒரு இடம் விலைக்கு வருகிறது, பனியன் கம்பெனி கட்டலாமா என்று கேட்டார். பட்டாவையும் சிட்டாவையும் பார்த்தேன். சரியாக இருந்தன. அப்போது குளம் வறண்டு சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. குளத்தின் எல்லை எதுவரை என்று அலுவலகத்தில் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்க்க ஒரு மதியம் போதும். நான் எடுக்கவில்லை. தாராளமாக வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

கம்பெனி வளர்ந்தது. தங்கை செக்கிங் மேசையில் நின்று தைத்த பீஸ்களில் பழுது பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்டாள். பிறகு நல்ல மழை பெய்த ஒரு வருடம் குளத்துக்கு வந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் பக்கத்துத் தெருக்களுக்குள் புகுந்தது. நீர்நிலைகளை அளந்து ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தக் குளம் என் பொறுப்பில் வந்தது. வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்டிருக்கலாம். நானே போனால் ஏதாவது வழி கிடைக்கும் என்று நினைத்தேன்.

பழைய வரைபடத்தின்படி மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் குளத்தின் எல்லைக்கோடு கம்பெனியின் கட்டிங் ஹாலுக்கு நடுவில் போனது. பழைய எல்லைக்கல் கிடைத்தால்தான் உறுதி என்றேன். கட்டடத்துக்குப் பின்னால், அந்தக் கோடு வெளியே வருவதாக நான் காட்டிய இடத்தில் மாப்பிள்ளை ஆள் வைத்துத் தோண்டினார். இரண்டடி ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. அவரே குனிந்து மண்ணைத் துடைத்தார்.

"கல்லு இங்கதானுங்க மச்சான் இருக்குது. எழுதிக்கங்க" என்றார்.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். வாங்கும்போது எங்கள் அலுவலகமே கொடுத்த பட்டாதானே என்று அவர் மனு மேல் மனுவாகப் போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. அந்தத் துண்டுக்குப் பட்டாவே தவறாகக் கொடுக்கப்பட்டது என்று பதில் வந்தது. கம்பெனியை இடித்த அன்று தங்கை என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, அன்னைக்கே இதப் பாத்துச் சொல்லீருந்தா நாங்க வாங்கீருப்பமுங்களா?"



உத்தரவு தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். இப்போது அந்தத் தெருக்களில் தண்ணீர் ஏறுவதில்லை. குளத்தில் நாரைகள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் கேமராவோடு வருகிறார்கள். மாப்பிள்ளை பல்லடம் ரோட்டில் இன்னொருவர் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். என்னைக் கண்டால் மரியாதையாகப் பேசுவார், உட்காரமாட்டார்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் தங்கை ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு வந்ததும், எல்லோரையும் கேட்பதுபோல, "போதுங்களா?" என்றாள். போதும் என்றேன். அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.