அத்தை தின்னாத முட்டை

அத்தையின் முந்தானை முடிச்சில் அவித்த வாத்து முட்டை ஒன்று இருந்தது. ரத்தம் கொடுத்ததற்காக ஆஸ்பத்திரியில் கொடுத்தது. பினாங்கில் ஜப்பான்காரன் காலம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த எனக்கு, அந்த முடிச்சைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அத்தை அதை எனக்கும் தரவில்லை, தானும் தின்னவில்லை. அம்மா கண் விழிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஆயர் ஈத்தாமில் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கும் அம்மாவுக்கும் ஆகாது. உப்புக்கும் விறகுக்கும் சண்டைதான். சயாமில் ரயில் பாதை போட அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு சண்டை போடவும் இருவருக்கும் தெம்பில்லை. அப்போதுதான் அம்மாவின் மார்பில் கட்டி தெரிந்தது. புற்று என்றார் டாக்டர். வெட்டி எடுத்தார்கள். ஆனால் ரத்தம் நிறையப் போய்விட்டது. மறுநாள் அம்மாவின் உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. சொந்தத்தில் யாராவது ரத்தம் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்றார். பள்ளிக்கூடம் மூடியதோடு என் படிப்பும் நின்றிருந்தது. ரத்தம் கொடுத்தால் ஆள் செத்துவிடும் என்று நினைத்து அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு புள்ள. என் உடம்புல ஓடுறது ரத்தமா, கிழங்குத் தண்ணிதான்லா. சேருமான்னு பாருங்க டாக்டரே."

சேர்ந்தது. சாயங்காலம் அம்மா கண் திறந்தபோது அத்தை முடிச்சை அவிழ்த்தாள்.

"நீங்க தின்னுங்க மதினி. இல்லாட்டி ஊரெல்லாம் சொல்லிக் காட்டுவீங்க" என்றாள் அம்மா.

"சொல்லத்தான் செய்வேன். இனிமே நீ என்னைத் திட்டுனா என் ரத்தமே என்னைத் திட்டுன மாதிரி. வாயத் தொற."

அம்மா சிரித்தாள். தையல் இழுத்து முகம் சுளித்தது. அத்தை பிட்டுப் பிட்டு ஊட்டினாள்.

அம்மா வீட்டுக்கு வந்தாள். வாசலில் உட்கார்ந்து எனக்குத் தலை வாரிவிட்டாள். அப்படிச் சில மாதங்கள்தான். பிறகு கழுத்தோரம் மறுபடியும் கட்டி கிளம்பியது. ஜப்பான்காரன் போவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். அப்பாவும் திரும்பவில்லை. இழவு வீட்டில் யாரோ சொன்னார்கள், ரத்தம் ஊற்றினால் நோயும் சேர்ந்துதானே குடிக்கும் என்று. அத்தை அதை விடவே இல்லை. என்னை வளர்த்தாள், கட்டிக் கொடுத்தாள். ஆனாலும் முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டே, "நான் குடுத்தத குடிச்சுத்தான் அது வளந்துச்சு" என்பாள். சாகும்வரை அதே பேச்சு. மறுத்துச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது.

இப்போது என் குடலில் கட்டி. அறுவைக்கு முன் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது, "ரத்தம் வேணும்னா நான் குடுக்கிறேன்லா" என்றாள் மகள். வேண்டாம் என்று அவளைத் தடுத்தேன். டாக்டரம்மாவிடம் அத்தை கதையைச் சொல்லி, ரத்தம்தான் நோயை வளர்த்ததா என்று கேட்டேன்.

"ரத்தம் ஏத்துனவங்கள்ல நோய் திரும்புறது கொஞ்சம் கூடுதலாத்தான் தெரியுது ஆன்ட்டி. அது ரத்தத்தாலயா, இல்ல ரத்தம் தேவைப்படுற அளவுக்கு அவங்க ஏற்கெனவே நலிஞ்சு இருந்ததாலயான்னு உறுதியா சொல்ல முடியல. ஆனா அன்னிக்கு உங்க அத்தை குடுக்கலன்னா, அம்மா வீட்டுக்கே வந்திருக்க மாட்டாங்க. உங்களுக்கு முதல்ல உங்க ரத்தத்தையே கூட்டப் பாக்குறோம். மருந்து தர்றேன், நல்லா சாப்பிடுங்க. அதையும் மீறித் தேவைப்பட்டா மட்டும் ஏத்துவோம்."

இத்தனை காலம் கழித்துப் பாதிப் பதில். அம்மா எனக்குத் தலை வாரிய அந்த மாதங்கள் அத்தை கொடுத்தவை. அதை அவளிடம் சொல்ல அப்போது யாருக்கும் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் மற்றப் பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான்.

செபராங் ஜெயாவில் மகள் வீடு. இன்று காலை அவள் முட்டையை அவித்து, உரித்து, தட்டில் வைத்தாள். பாதி போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே மேசைமேல் அவள் கை கிடந்தது; முழங்கை மடிப்பில் பச்சை நரம்பு. அதைப் பார்த்தபடியே முட்டை முழுவதையும் தின்று முடித்தேன்.