ஓரத்தில் ஒதுங்கிய செல்

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் ஜெயமணி உதவியாளராகச் சேர்ந்து பதினெட்டு வருஷமாகிறது. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக் கப்பல்களில் வேலை பார்த்த கணவர் லூர்துநாதன் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து மின்னி பே வீட்டில் அவள் தனிக்கட்டை. அதே ஊரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருக்கும் தங்கை ஆக்சிலியா, எங்களோடு வந்து இரு என்று கெஞ்சாத நாளில்லை. ஜெயமணிக்கும் ஆசைதான். ஆனால் தங்கை வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே என்று நினைத்ததும் பேச்சை மாற்றிவிடுவாள். அக்கம்பக்கத்தார் அதை வீம்பு என்றார்கள். உள்ளே இருந்தது, பாரமாகிவிடுவோமோ என்ற பயம்.

அன்று பேராசிரியை விஜயகுமாரி ஒரு செய்முறைப் பாடம் வைத்திருந்தார். கடற்பஞ்சு என்கிற கடல் உயிரியைத் துணியில் வைத்துக் கடல்நீருக்குள் பிழிந்தால் செல் செல்லாக உதிரும். உதிர்ந்தவை ஊர்ந்துபோய் மறுபடி ஒன்றுசேரும். பிழிகிற வேலை ஜெயமணிக்கு. கடலிலிருந்து எது வந்தாலும் நல்ல தண்ணீரில் அலசிப் பழகிய கை, குழாய்த் தண்ணீரிலேயே பிழிந்துவிட்டது. உப்பில்லாத நீர் உள்ளே ஏறி, செல்கள் அத்தனையும் ஊதி வெடித்துப்போயின. அவள் அழாக்குறையாக நின்றாள். விஜயகுமாரி திட்டவில்லை, தொட்டியில் மிச்சமிருந்த கடற்பஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

அவள் கடல்நீரில் பிழிந்து முடிக்க, பக்கத்துத் தட்டில் இருந்த குளத்து நீரைக் காட்டி மேடம் விளக்கினார். அதில் திரிகிற பாரமீசியத்துக்கு ஒரே செல்தான் உடம்பு. தின்பது, கழிப்பது, பெருகுவது எல்லாம் அந்த ஒன்றுதான். கடற்பஞ்சில் அப்படியில்லை. ஒரு செல் நீரைத் தள்ளும், இன்னொன்று இரையைக் கொண்டுசேர்க்கும், வேறொன்று முள் கட்டும். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டதால்தான் அது ஒரே உடம்பாக இருக்கிறது என்றார்.

மூன்று மணிக்கு ஜெயமணி நுண்ணோக்கியில் பார்த்தாள். செல்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருந்தன. ஒன்று மட்டும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

"இது பிழைக்குமா மேடம்?"

"கொஞ்ச நேரம் தாங்கும்க்கா. தனியா வாழ அதால முடியாது."

வராந்தாவுக்கு வந்து தங்கைக்கு போன் போட்டாள்.

"ஆக்சிலியா, நான் வாரேன். ஆனா எனக்குன்னு ஒரு வேலை குடுக்கணும். சும்மா இருக்க மாட்டேன்."

அழுகையும் சிரிப்புமாக வந்தது தங்கையின் குரல்.

"வேலையா? நீ வச்ச மீன் கொழம்பத் தின்னுட்டு, நான் வைக்கிறத எங்க வீட்டுக்காரர் வாயில வைக்க மாட்டேங்காரு. சலோ, கெளம்பு, பஸ் ஏறு. மீன் வாங்கி வைக்கேன்."

மாற்றுச் சேலை எடுக்கக்கூட ஜெயமணி மின்னி பே போகவில்லை. கல்லூரி வாசலிலேயே டெய்ரி ஃபார்ம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.