பசித்த பூனை இல்லாத ஊர்

எனக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. ஊர் பூதப்பாண்டி. மீன், கறி, முட்டை எதையும் தொட்டதில்லை.

தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு வீட்டுக்குத் தரை பதிக்கப் போனேன். வீட்டுக்காரர் கல்ஃபில். வேலை முடிகிறவரை அங்கேயே தங்கல். முதல் நாள் கடையில் சாம்பார் கேட்டேன். மீன் குழம்பில் துண்டை ஒதுக்கிவிட்டு, "இப்பம் சைவந்தான்" என்றார் கடைக்காரர். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் மனைவிக்கு அது தெரிந்துவிட்டது.

"வேலைக்கு வந்த ஆளு பட்டினி கெடந்தா எனக்குல்லா மானக்கேடு. நான் வச்சுத் தாறேன் அண்ணே."

தேங்காய் வறுத்தரைத்த வாழைக்காய்த் தீயல் வந்தது. நல்ல மணம். ஆனால் முந்தின நாள்வரை சாளை மீன் பொரித்த அடுக்களை. இன்று மட்டும் பொரிக்கவில்லை என்று என்ன நிச்சயம்? கரண்டி மாறியிருந்தால்? கேட்டால் சமைத்துத் தந்த அந்தப் பிள்ளையின் முகம் வாடும்.

வீட்டில் ஒரு பூனை உண்டு. தீயலில் பிசைந்த ஓர் உருண்டையை அதற்கு வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மீன் இல்லை என்று பூனையே சொல்லிவிட்டது. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு வாரம் இப்படியே போனது.

ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"அது தின்னாது அண்ணே."

"ஏன்?"

"ஒங்க எலையில மீன் தின்ன வாய வச்சிரப்பிடாதுல்லா? ஒங்களுக்குச் சோறு வைக்கதுக்கு முன்னால, கொல்லையில வச்சு அதுக்கு வயிறு முட்ட மீன் போட்டிருவேன்."

உருண்டை கையிலேயே நின்றது. அப்படியென்றால் இத்தனை நாளும் நான் தின்றது?

பசியில்லை என்று எழுந்தேன். உருண்டையை இலைத்துண்டில் பொதிந்துகொண்டு துறைமுகத்துக்குப் போனேன். அங்குள்ள பூனைகள் மீன் கூடைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கின. தட்டி எழுப்பியும் பார்த்தேன். அந்த ஊரில் பசித்த பூனை ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்தேன். அவள் உள்ளே புருஷனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மீன் சட்டிய கவுத்திப் போட்டு ஒரு வாரமாச்சு. மேஸ்திரிக்கு வைக்க தீயலத்தான் நானும் திங்கேன். நாக்கு செத்துப் போச்சு. இந்த வீட்டுல இப்பம் மீன் திங்கது பூனை மட்டுந்தான். அதும் எனக்க கண்ணு முன்னால!"

என்னைக் கண்டதும் போனை வைத்தாள்.

"கையில என்ன பொதி?"

"ஒண்ணுமில்ல. சோறு போடு தங்கச்சி."

மிச்ச வேலையைச் சொன்ன நாளுக்கு முன்பே முடித்தேன். என்ன அவசரம் என்று கேட்டாள். ஊரில் சோலி இருக்கிறது என்றேன்.

அந்தப் பிள்ளை மீன் தின்னட்டும்.