அம்மா தைத்த வண்டி

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் அம்மாவின் பொறுமையைப் பற்றி நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. ஊசியில் நூல் கோக்க இரண்டு தடவைக்கு மேல் ஆனால் ஊசியைத் திட்டுவார். அவரிடம் இருந்தது பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன மூத்த மகள் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அம்மா ராமாபுரத்தில் ராகியும் சோளமும் விளைவித்த குடும்பத்தில் நான்காவது பெண்ணாகப் பிறந்தார். ஏழாவது வரை படித்தார். பதினெட்டு வயதில், மைசூரில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தார். வந்த வருடமே ஒரு பழைய தையல் மெஷினைப் பிடித்து ரவிக்கை தைக்க ஆரம்பித்துவிட்டார். அளவெடுக்க டேப்பைத் தொடவே மாட்டார். கொண்டுவந்து கொடுக்கும் அளவு ரவிக்கையைப் புதுத்துணி மேல் விரித்து, சுற்றிலும் ஒரு விரல் விட்டு வெட்டுவார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு ரவிக்கை கூடத் திரும்பி வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அப்பா வாரத்துக்கு இரண்டு தடவையாவது சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊட்டி போவார். வடநாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் எத்தனையோ பேருக்கு ஊட்டியைக் காட்டியவர். அவர் மனைவி மட்டும் ஊட்டியைப் பார்த்ததில்லை. இதற்காக நானும் தம்பியும் அப்பா மேல் வெகுநாள் கோபமாக இருந்தோம். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். தெருவில் கார் ஹார்ன் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். காரில் ஏற்றி எங்கேயாவது அழைத்துப் போகலாம் என்றால், கால் மணி நேரத்தில் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். படுத்தபடி போனால்தான் உண்டு.

அம்மாவிடம் துணி கொடுக்கும் ஒரு வீட்டம்மாவின் தோட்டத்தில் ஒரு பழைய வண்டி நின்றது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் நாட்டிலிருந்து அதை ஓட்டிக்கொண்டே வந்து, மைசூரில் இன்ஜின் படுத்துவிட்டதால் விட்டுப்போனதாம். வேன்தான், ஆனால் உள்ளே ஒரு வீடு இருந்தது. படுக்கை, அலமாரி, கை கழுவத் தொட்டி எல்லாம் உண்டு. நாங்கள் பார்த்தபோது அதில் கோழிகள் குடியிருந்தன. இடம் காலியானால் போதும், எடுத்துக்கொண்டு போ என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

"இதுல படுத்துக்கிட்டே போலாமில்ல அம்மிணி. உங்கப்பாவ ஒருக்கா ஊட்டி ரோட்டுல கூட்டிட்டுப் போயி வந்துட்டா மனுசன் தேறிக்குவாரு."

"ஓட்டை வண்டிம்மா இது."

"ஓட்டைய அடைச்சாப் போச்சு."

அப்பாவின் டாக்ஸி ஸ்டாண்டு நண்பர்கள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து, எங்கள் லைன் வீடுகளுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்தினார்கள். இன்ஜினை அவர்கள் பார்த்துக்கொள்வது, உள்வேலை முழுவதும் நம் குடும்பம் என்று அம்மா பங்கு பிரித்தார். அன்றோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

எனக்கு மைசூர் ஹெப்பாளில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஆறு நாளும் கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டே வருபவளுக்கு ஏழாவது நாள் அந்த வண்டி. கூரைப் பலகை உளுத்திருந்தது. மெத்தையைத் தொட்டால் மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. கோழி எச்சத்தைச் சுரண்டவே ஒரு மாதம் ஆயிற்று. தம்பி பலகை அறுப்பான், நான் பசை தடவுவேன். ரெக்சின் பசையின் வாடையில் தலை வலித்து, திங்கட்கிழமை வேலைக்குப் போனாலும் வலி கூடவே வரும். "இன்னைக்கு ஒரு நாள் விடும்மா" என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். "நீ படுத்துக்க, நான் பாத்துக்கறேன்" என்பார். அதற்குப் பிறகு எப்படிப் படுப்பது?

அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து மனையில் நிழல் பார்த்து உட்கார வைப்போம். அவர் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்காருவார். ஒரு வருடம் அப்படியே ஓடியது.

பிறகு மெத்தை உறை தைக்கும் நாள் வந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே வழி. பழைய உறைகளைப் பிரித்தெடுத்து, அதையே அளவாக வைத்து, ஒரு விரல் விட்டு, காப்பி நிற ரெக்சினை முழுவதுமாக வெட்டித் தைத்து முடித்துவிட்டார். விரல் நுனியெல்லாம் புண். புது ஸ்பாஞ்சை நுழைத்தால் பாதிக்கு மேல் போகவில்லை. நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் முழங்காலால் அமுக்கிப் பார்த்தோம். ஒரு உறை கூட மூடவில்லை. யார் யாரோ வருடக்கணக்கில் உட்கார்ந்தும் படுத்தும் அமுங்கிச் சப்பையாகிப்போன மெத்தை அது. அதன் உறையும் அதோடு சேர்ந்து சுருங்கியிருந்தது. ரவிக்கையில் பிசகாத கை, வண்டியில் மொத்தமாகப் பிசகிவிட்டது.

அம்மா வண்டிப் படியில் உட்கார்ந்து அழுதார். அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பினால், அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோண, கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரித்தார்.

"சீட்டு... அமுங்கியிருக்குமே... புள்ள" என்றார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?" என்று அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே கத்தினார். ஒரு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் போட்ட முதல் சண்டை அது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எல்லா உறைகளையும் அம்மா பிரித்து, நடுவில் பச்சை ரெக்சினில் பட்டி கொடுத்துத் தைத்தார். அடுத்த ஞாயிறு முதல் அப்பா நாற்காலியை வண்டிப் பக்கம் திருப்பச் சொன்னார். இடது கையால் காட்டிக் காட்டி வேலை வாங்கினார். படுக்கை இடது சன்னலோரம் இருக்க வேண்டும், தலை பின்னால் கால் முன்னால், அப்போதுதான் ரோடு தெரியும், பிடித்துக்கொள்ள இடது பக்கம் ஒரு வார் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்த வருடமும் அப்படிப் போனது. ஒரு வேலைக்காரிக்குக் கிடைக்கும் ஓய்வு கூட எனக்குக் கிடைக்கவில்லை என்று அந்நாட்களில் தோழிகளிடம் புலம்பியிருக்கிறேன்.

ஒரு வழியாகப் புறப்பட்டோம். ஸ்டாண்டுப் பெரியப்பா வண்டியை ஓட்டினார். அவர் அப்பாவின் முப்பது வருட நண்பர். தம்பி முன் சீட்டில் உட்கார்ந்தான். அப்பா படுக்கையில், அம்மா அவர் காலடியில், நான் எதிர் மெத்தையில். நஞ்சன்கூடு தாண்டும்போதே அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. குண்டல்பேட்டையில் இறங்கி வாந்தியெடுத்தார். பந்திப்பூர் காட்டில் இரண்டு தடவை. கூடலூர் தாண்டி மலை வளைவுகள் தொடங்கியபோது, தலையைத் தூக்க முடியாமல் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா "முன்னாடி, முன்னாடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"முன்னாடி படுக்க முடியாதுப்பா. ஸ்வல்பம் பொறுத்துக்குங்க" என்றான் தம்பி.

அப்பாவுக்குக் கோபம் வந்து அம்மாவின் தோளை இடது கையால் தள்ளினார். பெரியப்பா வண்டியை ஓரம் கட்டினார்.

"டேய், அவன் தனக்குக் கேக்கல. தங்கச்சிய முன்னாடி உக்கார வெக்கச் சொல்றான். வாந்தி வர்ற சவாரிய எப்பவும் முன் சீட்லதான் ஏத்துவோம். கல்யாணம் ஆன புதுசுல இவன் ரெண்டு வாட்டி தங்கச்சிய ஊட்டிக்குக் கூட்டிட்டுக் கெளம்பினான். குண்டல்பேட்டை தாண்டல. ஆஸ்பத்திரில சேத்துட்டுத்தான் திரும்பினான். அதோட விட்டுட்டான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். "இது தெரிஞ்சும் ஏம்மா கெளம்பினே?"

"அவரு தனியாப் போயி என்ன பண்ணுவாரு அம்மிணி?" என்றார்.

இரண்டு பேரும் இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பா மேல் நான் வைத்திருந்த கோபமெல்லாம் வீண் என்று அங்கே, ஒரு வாந்தி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது.

அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டோம். வாந்தி கொஞ்சம் அடங்கியது. தேயிலைத் தோட்டங்களைப் பார்த்து "அட, வெட்டிவிட்டாப்பல இருக்கே" என்றார். அப்பா வெளியே பார்க்கவில்லை. அம்மாவின் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

நடுவட்டத்தில் இன்ஜின் சூடாகி நின்றோம். இறங்கிய அம்மா கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "போதும். திருப்பு" என்றார்.

"இன்னும் கொஞ்ச தூரந்தானுங்க. போயிட்டே வந்தரலாமுங்க."

"போதும்."

இரண்டு வருடம் உழைத்துவிட்டு இங்கேயா திரும்புவது என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பெரியப்பா வண்டியைத் திருப்பினார். அம்மா சொன்னபடி அப்பா தேறினார். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்து உட்காரவில்லை. தெரு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, போகிற வண்டியையெல்லாம் குறை சொல்ல ஆரம்பித்தார்.

அடுத்த வருடம் அம்மாவின் இதயம் தளர்ந்துவிட்டது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. "உன் ஞாயித்துக்கெழமையெல்லாம் நானே எடுத்துக்கிட்டேன் கண்ணு" என்று ஒரு மதியம் சொன்னார். "பரவால்லம்மா" என்றேன். அது பொய். அந்தக் களைப்பு இன்னும் என் உடம்பில் இருக்கிறது. ஆனால் அம்மா கூப்பிட்டால் நாளைக்கே பசை டப்பாவோடு போய் நிற்பேன். இதை அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வண்டியைக் கொடுத்த வீட்டம்மாவுக்கும், இன்ஜினுக்கு உயிர் கொடுத்த ஸ்டாண்டு நண்பர்களுக்கும், திரைச்சீலைக்கு லைனிங் துணி மிச்சங்களைச் சேர்த்துக் கொடுத்த எங்கள் தெருப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரி நாட்களில் என் ஷிப்டை மாற்றிக்கொண்ட தோழிகளுக்கும், அம்மாவின் கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்த பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது.

இந்த மலருக்காக எழுதிக்கொண்டிருந்தபோது தம்பி அப்பாவிடம் கேட்டான். திதி முடிந்ததும் வண்டியை எடுக்கலாமா, அன்றைக்கு விட்ட ஊட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று.

"நடுவட்டம் வரைக்கும் போலாம்" என்றார் அப்பா. "அதுக்கு மேல அவ வரல."