பாய்லர்காரர் வாங்கிய அருவி

அவரை எல்லோரும் பாய்லர்காரர் என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு சலவை ஆலையில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட வந்தவர். பிறகு அதே மாதிரி ஓர் ஆலையைச் சொந்தமாக நடத்தி, ஊரில் பாதி ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுத்தார். "நெருப்பும் தண்ணியும் எனக்கு ரெண்டு கை மாதிரி" என்பார். அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது.

போன வருஷம் ஆலைச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. வீட்டில் அவருக்கும் மனைவிக்கும் பேச்சே இல்லை. சண்டையும் இல்லை. "சாப்பிடறீங்களா?", "ம்" என்பதோடு சரி. அவள் டிவி முன்னால், இவர் வாசலில்.

அதற்காகத்தான் கொல்லைப்புறத்தில் நீச்சல் குளம் வெட்டினார். இருவருக்கும் நீச்சல் தெரியாது. சாயங்காலம் அவள் வெளியே வந்து தன்னோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான். இதை வாய்விட்டுச் சொல்கிற ரகமா அவர்? "இவ்வளவு பெரிய வீட்டுக்கு ஒரு குளம் வேண்டாமா?" என்று கேட்டவர்களிடம் சொல்லிவைத்தார்.

அவளோ, "உங்க குளத்துல நீங்களே காலை நனைச்சுக்கோங்க. எனக்கு முட்டி வலி" என்று கத்தரித்துவிட்டாள்.

குளத்தோரம் வைக்கிற செயற்கை அருவியும் நெருப்புக் கிண்ணமும் மட்டும் பாக்கி. மகள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு, குளம் கட்டுகிற காண்ட்ராக்டரின் இடத்துக்குப் போனாள். அங்கே மாதிரிக்காக ஐந்தாறு குளங்கள். காண்ட்ராக்டர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

முதலில் நெருப்பு. ஆள் உயரத் தூண்களின் உச்சியில் கிண்ணங்கள். அவற்றில் மஞ்சள் சுடர்.

"தம்பி, மஞ்சளா எரியுது. காத்து பத்தலை" என்றார் பாய்லர்காரர்.

"அழகுக்காக வேணும்னேதான் ஐயா அப்படி வெச்சிருக்கோம்."

"நெருப்புக்கு என்னய்யா அழகு? சுடணும்."

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "தூண் மேல எரிஞ்சா யாருக்குச் சுடும், காக்காய்க்கா?"

மகள் சிரித்துவிட்டாள். பாய்லர்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கரி அள்ளிய அதே ஆலையில், குளிர்காலக் காலைகளில், ஈரத்துணி அலசி மரத்துப்போன விரல்களோடு, இவள்தான் பாய்லரின் உலைக் கதவருகே வந்து நிற்பாள். அவர் கரி போடுகிற சாக்கில் கதவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்தே வைப்பார். மேஸ்திரியிடம் அதற்கு வாங்கிய வசவுக்குக் கணக்கில்லை.

"முட்டி உயரத்துல வைங்க" என்று உத்தரவு போட்டார்.

அடுத்தது தண்ணீர். செம்புக் குழாயிலிருந்து நூல் நூலாக விழுவது ஒன்று, கண்ணாடித் தகடு போல வழுக்கி இறங்குவது ஒன்று. எதுவும் அவர் கண்ணுக்குப் பிடிக்கவில்லை.

"இருக்கறதுலயே பெருசு எது?"

காண்ட்ராக்டர் தயங்கிக் கடைசிக் கருங்கல் சுவரைக் காட்டினார். "அது ஹோட்டலுக்குச் செஞ்சது ஐயா. வீட்டுக்குச் சரிப்படாது. பக்கத்துல உட்கார்ந்து பேச முடியாது."

பாய்லர்காரருக்குச் சுருக்கென்றது. பேச்சுக்காகத்தானே இத்தனையும். இருந்தாலும் விடாமல், "போட்டுத்தான் காட்டுங்களேன்" என்றார்.

சுவரின் முழு அகலத்துக்கும் தண்ணீர் இடித்துக்கொண்டு இறங்கியது. சலவை எந்திரங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் சுற்றுகிற அதே இரைச்சல். மகளின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

குளத்துக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி, வலது கையால் இடது மணிக்கட்டை இரண்டு தடவை தட்டினாள். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். மணியாச்சு, சாப்பிட வேண்டாமா?

ஆலையின் கைப்பேச்சு. அந்த இரைச்சலில் தொண்டை எடுபடாது என்று தொழிலாளிகள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. பாய்லர்காரரின் கை அவரைக் கேட்காமலேயே பதில் சொல்லியது: இன்னும் கொஞ்ச நேரம். நீ தண்ணி குடிச்சியா? அவள் கை: மாத்திரையை மறந்துட்டீங்க. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கீங்க. காலையிலேர்ந்து சொல்லணும்னு இருந்தேன்.

ஒரு வருஷத்துப் பேச்சு ஒரு நிமிஷத்தில் வந்தது.

காண்ட்ராக்டர் ரிமோட்டை அழுத்த, தண்ணீர் நின்றது. அவள் கைகள் மடியில் விழுந்தன. பையைப் பார்த்துக்கொண்டு, "போலாமா?" என்றாள்.

"மறுபடி போடுங்க" என்றார் பாய்லர்காரர்.

இரைச்சல் எழுந்ததும் இரண்டு விரல்களை ஒட்ட வைத்து அவளுக்குக் காட்டினார். கல்யாணம் கட்டிக்கிறியா என்று ஆலையில், அத்தனை பேருக்கும் நடுவில், அவர் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு அவள் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி இரண்டு தடவை அமுக்கினாள். ஆவியைக் குறை என்று அர்த்தம். ஆலையே சிரித்தது. ஆறு மாதம் கழித்துத்தான் அந்தக் கை மேலே திரும்பியது.

இப்போதும் அவள் மகளை ஒரு தடவை, காண்ட்ராக்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளங்கையைக் கீழே அமுக்கினாள். இரண்டு தடவை.

மகள் அப்பாவின் காதருகே வந்து கத்தினாள். "அம்மா வேண்டாங்கறாங்கப்பா."

"நீ காலேஜ் படிச்சவ. இந்தப் படிப்பு உனக்குத் தெரியாது" என்று திருப்பிக் கத்தினார். பிறகு காண்ட்ராக்டரைத் தோளில் தட்டிக் கிட்டே இழுத்தார்.

"இதேதான் வேணும். நெருப்பைச் சுத்தி ரெண்டு நாற்காலி. எதிரும் புதிருமா போடுங்க. பக்கத்துப் பக்கத்துல போட்டா கை தெரியாது."